விக்டோரியா காசு சேர்க்கப் போகிறீர்களா?

விக்டோரியா ராணியின் தலை பொறித்த பழங்காசு ஒன்று கைக்கு வந்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை லட்சம் பெறும்?" என்பதுதான். பெரும்பாலும் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைதான் பெறும். ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், மனம் தளர வேண்டாம். குறைந்த செலவில் தொடங்கி, வசதிக்கு ஏற்ப ஆயுள் முழுக்கத் தொடரக்கூடிய சேகரிப்பு இது என்பதற்கும் அதே மலிவுதான் காரணம்.

நூற்றைம்பது வருஷப் பழசு எப்படி மலிவாக இருக்கும்? பழசு வேறு, அரிது வேறு. விக்டோரியா 1837 ஜூன் 20 அன்று, 18 வயதில் பட்டத்துக்கு வந்தார். 1901 ஜனவரி 22 அன்று இறந்தார். 63 ஆண்டுக்கு மேல் நீண்ட ஆட்சி. அவர் காசுகளில் 1838 முதல் 1901 வரை வருஷம் இருக்கும். ரயிலும் ஆலையும் பெருகிய அந்தக் காலத்தில் சில்லறைத் தேவையும் பெருகியது. காசு கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது.

அடித்ததை எல்லாம் பிற்பாடு உருக்கியிருக்க மாட்டார்களா? வெண்கலக் காசுகளில் ஏராளமானவை தப்பிவிட்டன. 1860இல் வந்த வெண்கலப் பென்னி, அளவு மாறாமல் 1971 வரை செல்லுபடியானது. 1960களில் லண்டனில் பஸ் டிக்கெட் வாங்கியவரின் மீதிச் சில்லறையில் விக்டோரியா தலை வந்து விழுந்தால் யாரும் வியப்படையவில்லை. நூறு வருஷம் கை மாறிய காசு எப்படி இருக்கும்? முகம் மழுங்கி, எழுத்து மங்கி, வழவழவென்று இருக்கும். ஆகவே தேய்ந்த விக்டோரியா பென்னி ஏராளம், தேயாதது கொஞ்சம். விலையை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த வித்தியாசம்தான். வருஷத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தேய்மானத்தைப் பாருங்கள்.

"எங்கள் வீட்டுப் பெட்டியில் ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் இருக்கிறதே, அதுவும் இதில் சேருமா?" சேராது. அது பிரிட்டிஷ் இந்தியாவின் காசு. 1840 என்று வருஷம் போட்டதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர் இருக்கும், 1862 முதல் 'இந்தியா' என்று இருக்கும். அதேபோல் மலேசிய, சிங்கப்பூர் வீடுகளில் கிடைக்கும் விக்டோரியா சென்ட் காசுகள் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் என்ற குடியேற்றப் பகுதிக்கு உரியவை. அவற்றுக்குத் தனிப் பட்டியல் நூல்கள், தனிச் சந்தை உண்டு. இங்கே பேசப்போவது பிரிட்டனுடைய சொந்தக் காசுகளைப் பற்றி.

அந்தக் காசுக் கணக்கு நமக்குக் கொஞ்சம் தலைசுற்றும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. பென்னியில் பாதி ஹாஃப்பென்னி, கால் பங்கு ஃபார்திங். அணா, பைசா கணக்கில் வளர்ந்த நம் தாத்தாக்களுக்கு இது சிரமமாக இருந்திருக்காது.

வெள்ளியில் 3 பென்ஸ், 4 பென்ஸ், 6 பென்ஸ், ஷில்லிங், 2 ஷில்லிங் பெறும் ஃப்ளோரின், இரண்டரை ஷில்லிங் பெறும் அரை கிரவுன், 5 ஷில்லிங் பெறும் கிரவுன் ஆகியவை உண்டு. தங்கத்தில் ஒரு பவுண்டு பெறும் சாவரினும் அதில் பாதியான அரை சாவரினும். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. பல காசுகளில் மதிப்பே எழுதப்படவில்லை. செம்புப் பென்னியில் 'பென்னி' என்று இருக்காது. பழைய அரை கிரவுனிலும் அப்படித்தான். பார்த்துப் பழகியவர்களுக்கான காசு அது. நீங்கள் அளவையும் எடையையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு என்ன வேண்டும்? நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு எடைக்கருவி, ஒரு அளவுகோல், பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி. இவை மூன்றும் இல்லாமல் முதல் காசை வாங்காதீர்கள்.

முகத்தை வைத்துக் காலத்தை அறிவது

வருஷம் தேய்ந்துபோன காசின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ராணியின் முகத்தைப் பாருங்கள். 63 வருஷத்தில் அவர் முகம் காசில் சில முறைதான் மாறியது.

முதலாவது இளமைத் தலை. வில்லியம் வையன் செதுக்கியது. கிரீடம் இல்லாமல், கூந்தலை நாடாவால் கட்டிய இளம்பெண். வெள்ளியிலும் தங்கத்திலும் இது 1887 வரை நீடித்தது. 68 வயதுப் பாட்டி காசில் மட்டும் பதினெட்டு வயதில் இருந்தார். வெண்கலக் காசில் 1860 முதல் 1894 வரை இருப்பது வையனின் மகன் லெனார்ட் சார்லஸ் வையன் செதுக்கிய முகம். பின்தலையில் முடிச்சிட்ட கொண்டை தெரிவதால் சேகரிப்பவர்கள் அதைக் கொண்டைத் தலை என்கிறார்கள்.

1887இல் ஆட்சியின் பொன்விழா வந்தது. ஜோசப் எட்கர் போம் என்ற சிற்பி புது முகம் செய்தார். முக்காட்டின் மேல் மிகச் சிறிய கிரீடம், எப்போது நழுவி விழுமோ என்பதுபோல் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கே மக்கள் கேலி செய்தார்கள், இன்று பார்த்தாலும் கேலி நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1893இல் அதை எடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் தாமஸ் பிராக் செதுக்கிய முதுமைத் தலை வந்தது, முக்காடிட்ட கம்பீரமான கிழவி. வெண்கலத்துக்கு அது 1895இல்தான் வந்தது.

முகத்தைச் சுற்றியிருக்கும் எழுத்துகளுக்கு என்ன பொருள்? எல்லாம் லத்தீன் சுருக்கங்கள். 'டி.ஜி.' என்றால் கடவுள் அருளால். 'எஃப்.டி.' என்றால் சமயம் காப்பவர். 'ரெக்' அல்லது 'ரெஜினா' என்றால் அரசி. முதுமைத் தலைக் காசுகளில் மட்டும் 'இண்ட் இம்ப்' என்று கூடுதலாக இருக்கும், இந்தியாவின் பேரரசி என்று பொருள். அந்தப் பட்டத்தை அவர் ஏற்றது 1876இல், ஆனால் பிரிட்டன் காசில் ஏறியது 1893இல்தான். தேய்ந்த காசில் இந்த ஆறு எழுத்து தெரிந்தாலே காலத்தை எட்டு ஒன்பது ஆண்டுக்குள் சுருக்கிவிடலாம்.

எதில் தொடங்குவது?

என் யோசனை: வெண்கலப் பென்னி. வெள்ளியும் தங்கமும் கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் அவற்றில் உலோக விலை கலந்திருப்பதால், காசின் தன்மைக்கு எவ்வளவு தருகிறோம், உலோகத்துக்கு எவ்வளவு தருகிறோம் என்று புதியவருக்குப் புரியாது. பென்னியில் அந்தக் குழப்பம் இல்லை. தவறு செய்தாலும் நஷ்டம் சிறியது.

1860க்கு முன் பென்னி செம்பில் அடிக்கப்பட்டது. எடை சுமார் 18.8 கிராம், விட்டம் 34 மில்லிமீட்டர். பையில் போட்டால் சட்டை தொங்கும். 1860இல் அதை 95 பங்கு செம்பு, 4 பங்கு வெள்ளீயம், 1 பங்கு துத்தநாகம் கலந்த வெண்கலமாக மாற்றினார்கள். எடை பாதியாகி 9.45 கிராம் ஆனது. விட்டம் ஏறக்குறைய 31 மில்லிமீட்டர். பழைய செம்புக் காசு 1869 முடிவோடு செல்லாததானது. ஆகவே செம்புப் பென்னி, வெண்கலப் பென்னி அளவுக்கு நீண்ட காலம் தேயவில்லை.

வெண்கலப் பென்னியைத் திருப்பிப் பூப்பக்கம் பாருங்கள். கையில் சூலத்துடன் உட்கார்ந்திருப்பவள் பிரிட்டானியா, நாட்டின் உருவகப் பெண். கொண்டைத் தலைக் காசானால் அவளுக்கு இடப்பக்கம் கலங்கரை விளக்கமும் வலப்பக்கம் கப்பலும் இருக்கும். 1895 முதல் இரண்டும் காணாமல் போய்விடும்.

ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பென்னி என்று 1860 முதல் 1901 வரை வரிசை கட்டுவது நல்ல தொடக்கம். பெரும்பாலான வருஷங்கள் எளிதில் கிடைக்கும். 1869, 1871 இரண்டும் கொஞ்சம் அலையவைக்கும். 1860 காசிலேயே இரண்டு வகை உண்டு: ஓரத்தில் முத்துமணி வரிசை உள்ளது ஒன்று, பல்பல்லாக வெட்டியது மற்றொன்று. முத்து வரிசை முதலில் வந்தது, சீக்கிரமே கைவிடப்பட்டது. அதனால் அது குறைவு.

சில பென்னிகளில் வருஷத்துக்குக் கீழே 'எச்' என்ற சிறு எழுத்து இருக்கிறதே? லண்டன் அக்கசாலைக்கு (காசு அடிக்கும் அரசு ஆலைக்கு) வேலை மிகுந்தபோது, பர்மிங்ஹாமில் ஹீட்டன் என்ற தனியார் ஆலையிடம் ஒப்பந்தம் கொடுத்தார்கள். அவர்கள் முத்திரை அது. 1874, 1875, 1876, 1881, 1882 ஆகிய வருஷங்களில் வரும்.

இந்தச் சின்ன எழுத்துதான் பென்னிச் சேகரிப்பின் சுவாரசியம். 1875 பென்னி 'எச்' இல்லாமல் சாதாரணம், 'எச்' இருந்தால் அரிது. 1882 நேர் எதிர்: 'எச்' இருந்தால் சாதாரணம், இல்லாவிட்டால் மிக மிக அரிது. உடனே உங்களுக்கு ஒரு எண்ணம் தோன்றும், மற்றவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அரிய காசு என்று விற்பவர்கள் உண்டு. சும்மா தேய்ந்ததால் 'எச்' மறைந்துபோன காசும் உண்டு. 'எச்' இல்லாத 1882 என்று யாராவது நீட்டினால், அந்த இடத்தைக் கண்ணாடியால் பாருங்கள். தளத்தில் பள்ளமோ கீறலோ இருந்தால் விட்டுவிடுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும், வல்லுநர் சான்று இல்லாமல் பெரிய விலை கொடுக்காதீர்கள்.

ஃபார்திங் பற்றி ஒரு எச்சரிக்கை. 1897 முதல் ஃபார்திங்குகள் கறுப்பாக இருக்கும். அழுக்கில்லை, அக்கசாலையே கறுப்பாக்கி அனுப்பியது. புது ஃபார்திங் பளபளப்பில் அரை சாவரின் போலத் தெரிந்து, இருட்டில் ஏமாற வாய்ப்பிருந்ததால் இப்படிச் செய்தார்கள். அந்தக் கறுப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் காசின் மதிப்பு அத்தோடு போயிற்று.

வெள்ளிக் காசுகளில் சில கதைகள்

விக்டோரியா காலத்து வெள்ளிக் காசுகள் எல்லாம் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. ஷில்லிங் 5.66 கிராம், ஃப்ளோரின் 11.31, அரை கிரவுன் 14.14, கிரவுன் 28.28 கிராம். உருக்கினாலே ஒரு விலை உண்டு என்பதால் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் வெள்ளி விலைக்குக் கீழே விற்காதீர்கள்.

எனக்கு மிகப் பிடித்தது ஃப்ளோரின். பவுண்டைப் பத்தின் மடங்காகப் பிரிக்கலாமா என்று பிரிட்டன் யோசித்தபோது, முன்னோட்டமாகப் பவுண்டில் பத்தில் ஒரு பங்கான இந்தக் காசை 1849இல் வெளியிட்டார்கள். அதில் 'கடவுள் அருளால்' என்ற சொற்கள் விடுபட்டுப்போயின. மக்கள் அதைக் கடவுளற்ற ஃப்ளோரின் என்று திட்டினார்கள். அக்கசாலைத் தலைவர் ரிச்சர்ட் லாலர் ஷீல் கத்தோலிக்கர் என்பதால் வேண்டுமென்றே செய்தார் என்றுகூடப் பழி வந்தது. அதற்குப் பின் 1851 முதல் வந்த கோதிக் ஃப்ளோரினில் அந்தச் சொற்கள் திரும்பி வந்தன.

கோதிக் ஃப்ளோரினில் வருஷத்தையே காணோமே என்று பலர் குழம்புவார்கள். வருஷம் இருக்கிறது. ராணியின் தலையைச் சுற்றியுள்ள பழங்கால எழுத்துகளின் கடைசியில், ரோமன் எண்ணில் ஒளிந்திருக்கிறது. எம் என்றால் 1000, டி 500, சி 100, எல் 50, எக்ஸ் 10, வி 5, ஐ 1. எம், டி, மூன்று சி, எல், இரண்டு எக்ஸ், இரண்டு ஐ என்று இருந்தால் கூட்டிப் பாருங்கள்: 1872.

ஷில்லிங்கிலும் 6 பென்ஸிலும் வருஷத்துக்கு மேலே 14, 37 என்பதுபோல் ஒரு சிறு எண் இருந்தால் அதற்குத் தனி மதிப்பு ஏதும் உண்டா? பொதுவாக இல்லை. 1864 முதல் 1879 வரையான காசுகளில் வரும் அச்சு எண் அது. எந்த அச்சால் அடித்தது என்று ஆலைக்காரர்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

1887 பொன்விழாவில் நடந்த குளறுபடி ஒன்று. புதிய 6 பென்ஸின் பூப்பக்கத்தில் அரச கேடயத்தைப் பொறித்தார்கள், மதிப்பு எழுதவில்லை. அளவும் தோற்றமும் அரை சாவரினை ஒத்திருந்தன. சில சாமர்த்தியசாலிகள் தங்க முலாம் பூசி 10 ஷில்லிங்குக்குத் தள்ளிவிட்டார்கள். அதாவது இருபது மடங்கு மதிப்பு! அரசு அந்த வடிவத்தைத் திரும்பப் பெற்று, அதே வருஷம் 'சிக்ஸ் பென்ஸ்' என்று எழுத்தில் போட்டு அடித்தது.

திரும்பப் பெற்றதால் அது அரிய காசா? இதுதான் நீங்கள் கற்க வேண்டிய இடம். செய்தி பரவியதும் மக்கள் அதை நினைவுப்பொருளாக எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள். அதனால் இன்றைக்கும் நல்ல நிலையில் தாராளமாகக் கிடைக்கிறது. 'திரும்பப் பெறப்பட்டது' என்ற சொல்லைக் காட்டி யாராவது விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள். 1887 முதல் 1890 வரை மட்டும் வந்த இரட்டை ஃப்ளோரினும் அப்படித்தான். 4 ஷில்லிங் காசு அது. 5 ஷில்லிங் கிரவுன் என்று நினைத்து வாங்கி மதுக்கடைப் பெண்கள் ஒரு ஷில்லிங் இழந்தார்கள் என்பது பழைய கதை. பெரிய, அழகான வெள்ளிக் காசு, விலையும் கைக்கு எட்டும். தொடங்குபவருக்கு நல்ல தேர்வு.

இலங்கைக்குப் போன சில்லறை

இலங்கை வாசகர்களுக்கு இங்கே தனியாக ஒரு வாசல் உண்டு. பிரிட்டன் அடித்த மிகச் சிறிய மதிப்புக் காசுகளில் சில இலங்கைக்காகவே அடிக்கப்பட்டவை. கால் ஃபார்திங், அதாவது பென்னியில் 16இல் ஒரு பங்கு, 1839லும் 1851 முதல் 1853 வரையிலும் வந்தது. 13.5 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. அரை ஃபார்திங்கும் இலங்கைக்கென்று தொடங்கியதே. 1842இல்தான் பிரிட்டனுக்குள்ளும் அதைச் செல்லுபடியாக்கினார்கள்.

வெள்ளியில் ஒன்றரைப் பென்ஸ் என்று ஒரு விநோதக் காசும் உண்டு. ஏன் ஒன்றரை? இலங்கையில் அப்போது ஒரு ரிக்ஸ் டாலருக்கு 12 பணம் என்ற கணக்கு. ரிக்ஸ் டாலரை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று அரசு நிர்ணயித்திருந்தது. பன்னிரண்டால் வகுத்தால் ஒரு பணம் சரியாக ஒன்றரைப் பென்ஸ். இந்தக் காசுகளை யாழ்ப்பாணத்து, கொழும்புக் கடைகளில் பார்த்தால் "தெரியாத நாட்டுப் பொடிக்காசு" என்று ஒதுக்கிவிடாதீர்கள். தேயாத கால் ஃபார்திங்குக்குச் சேகரிப்பவர்களிடம் நல்ல மதிப்பு இருக்கிறது.

சாவரின்: நகையா, காசா?

நம் நகைக்கடைகளில் ஒரு சவரன் என்று 8 கிராம் கணக்குச் சொல்வதற்கு மூலம் இந்தச் சாவரின் காசுதான். உண்மையான எடை 7.98 கிராம், 22 காரட், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். விட்டம் 22 மில்லிமீட்டர்.

பூப்பக்கத்தில் கேடயம் அல்லது குதிரை மேலிருந்து டிராகனை வதைக்கும் புனித ஜார்ஜ் இருப்பார். ஜார்ஜ் உருவத்தைச் செதுக்கியவர் இத்தாலியரான பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி. விக்டோரியா காசில் அது 1871இல் வந்தது. 'எஸ்', 'எம்', 'பி' என்று மிகச் சிறிய எழுத்து இருந்தால் முறையே ஆஸ்திரேலியாவின் சிட்னி, மெல்போர்ன், பெர்த் அக்கசாலைகளில் அடித்தது. கேடயம் உள்ளதில் கேடயத்துக்குக் கீழேயும், இளமைத் தலையுடன் ஜார்ஜ் உள்ளதில் ராணியின் கழுத்துக்குக் கீழேயும், 1887க்குப் பிந்தியவற்றில் வருஷத்துக்கு மேலே தரைக்கோட்டிலும் தேடுங்கள்.

இதனால் உங்களுக்கு என்ன? பெரும்பாலான விக்டோரியா சாவரின்கள் தங்க விலையோடு சிறிது கூடுதல் பெறும், அவ்வளவே. ஆனால் லண்டனில் அடித்த 1841, 1879 போன்ற வருஷங்கள் தங்க விலையைப் போலப் பல மடங்கு பெறும். பாட்டியின் காசை உருக்கி வளையல் செய்யக் கொடுப்பதற்கு முன் வருஷத்தையும் அந்தச் சிறு எழுத்தையும் ஒருமுறை பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

காசுமாலையில் கோத்த சாவரின்? வளையம் பற்றவைத்த இடத்தில் விளிம்பு உருகியிருக்கும். அதை எடுத்துத் தேய்த்தாலும் தழும்பு தெரியும். சேகரிப்பவர்கள் அதைத் தங்கமாக மட்டுமே கணக்கிடுவார்கள். ஆகவே பற்றவைக்காத காசு கையில் இருந்தால் அப்படியே இருக்கட்டும். மாலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது மாலையிலேயே அழகாக இருக்கட்டும்.

நிலை என்றால் என்ன?

விற்பவர்கள் 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', 'அன்சர்குலேட்டட்' என்று தரம் சொல்வார்கள். 'ஃபைன்' என்றதும் நல்ல காசு என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் வழக்கில் அது நன்றாகத் தேய்ந்த காசு, முக்கிய உருவம் மட்டும் தெளிவாகத் தெரியும். 'வெரி ஃபைன்' மிதமான தேய்மானம். 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்றால் மேடான இடங்களில் மட்டும் லேசான உரசல். கடைசியது புழக்கத்துக்கே போகாதது, ஆலையிலிருந்து வந்தபோதிருந்த அச்சுப்பொலிவு (அடிக்கும் அழுத்தத்தால் தளத்தில் வரும் மினுமினுப்பு) அதில் மிச்சம் இருக்கும்.

எங்கே பார்ப்பது? கொண்டைத் தலைப் பென்னியில் ராணியின் காதுக்கு மேலிருக்கும் முடி இழைகளை எண்ண முடிகிறதா என்று பாருங்கள். பூப்பக்கத்தில் பிரிட்டானியாவின் முகமும் மார்பும் முதலில் தேயும். சாவரினில் குதிரையின் மார்பும் தோளும். ஒரே வருஷத்துப் பென்னி, முடி இழைகள் எல்லாம் தெரிந்தால் தேய்ந்ததைப்போலப் பல மடங்கு விலை போகும். தேய்ந்த காசு பத்து வாங்கும் பணத்துக்கு நல்லதாக ஒன்று வாங்குவது மேல் என்பது என் கருத்து.

துலக்கலாமா?

வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதானால் அது இந்த வரியாக இருக்கட்டும். செம்புக் குடத்துக்குப் புளி, வெள்ளி விளக்குக்கு விபூதி என்பது நம் கைக்கு வந்த பழக்கம். காசில் அந்தக் கையை வைக்காதீர்கள். புளியின் அமிலம் மேல்தளத்தையே அரித்துவிடும், விபூதி மெல்லிய கீறல்களைப் போடும். பளபளப்பாகத் தெரியும், ஆனால் பழகிய கண் ஒரே பார்வையில் கண்டுபிடித்துப் பாதி விலைகூடத் தராது. வெண்கலத்தின் பழுப்பும் வெள்ளியின் நீலக் கருமையும் காசின் வயது தந்த மேற்பூச்சு. அவை இருப்பதுதான் மதிப்பு.

மண் ஒட்டியிருந்தால்? காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் மெத்தென்ற துணியில் ஒற்றி உலர்த்துங்கள். பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

எதில் வைப்பது? மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறை மலிவுதான். ஆனால் நாளடைவில் அதிலிருந்து கசியும் பொருள் காசில் பச்சைப் பிசுக்காகப் படியும். மைலார் உறை அல்லது அமிலம் இல்லாத காகித உறை வாங்குங்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, வெள்ளியைக் கறுக்கவைக்கும். கடலோர ஊரில் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள், விரல் ரேகை தளத்தில் பதிந்தால் போகாது.

போலியும் பேரமும்

போலி வருமா? வரும், குறிப்பாகப் பெரிய வெள்ளிக் காசுகளில். 1847 கோதிக் கிரவுன் 8,000தான் அடிக்கப்பட்டது. பிரிட்டனின் மிக அழகிய காசு என்று பலர் சொல்வது அதைத்தான். ஆகவே போலியும் அதில் அதிகம். சந்தையில் மலிவாகக் கிடைத்தால் அது அந்தக் காசாக இருக்காது.

முதல் சோதனை காந்தம். தங்கம், வெள்ளி, வெண்கலம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. அடுத்தது எடை. தேய்மானத்தால் சிறிது குறையலாம், கூடவே கூடாது. பிறகு விளிம்பைச் சுற்றிக் கண்ணாடியால் பாருங்கள். ஒட்டுக்கோடு தெரிந்தால் அச்சில் ஊற்றிய வார்ப்பு. எழுத்துகளின் ஓரம் குழைந்து, தளத்தில் நுண்ணிய குமிழ்க்குழிகள் இருந்தாலும் அப்படியே. இவை தேறினாலும் விலை உயர்ந்த காசை என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள் சோதித்து, 1 முதல் 70 வரை எண் கொடுத்து முத்திரையிட்ட பெட்டியில் வாங்குவது பாதுகாப்பு.

விலை தெரிந்துகொள்ள ஸ்பிங்க் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் இங்கிலாந்துக் காசுகளின் பட்டியல் நூல் உதவும். ஒன்று கவனியுங்கள்: அதில் இருப்பது வியாபாரி விற்கும் விலை. நீங்கள் அவரிடம் விற்கப்போனால் அதைவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் கிடைக்கும். ஏலத்தில் வாங்கினால் ஏலத் தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணமும் சேரும். கை உயர்த்தும் முன் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தால் சுங்கவரியும் உண்டு.

"பழங்காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடந்ததால், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கி பொது எச்சரிக்கை விடுத்தது. உண்மையில் வாங்குபவர் உங்களுக்குப் பணம் தருவார், உங்களிடம் கேட்கமாட்டார்.

இந்தியாவில் இருப்பவர்கள் சட்டம் ஒன்றையும் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள் ஆகும். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக்கூடாது. விக்டோரியா காசு எல்லாமே நூறைத் தாண்டிவிட்டது. லண்டனில் நல்ல விலை வருகிறதென்று தபாலில் போட்டுவிடாதீர்கள், விற்பதானால் நாட்டுக்குள்ளேயே விற்க வேண்டும்.

கடைசியாக ஒரு சிறு வேலை. ஒவ்வொரு காசு உறைக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டில் வருஷம், பெயர், எடை, வாங்கிய தேதி, கொடுத்த விலை ஆகியவற்றை பென்சிலால் எழுதி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கியதானால் ரசீதும் அதோடு இருக்கட்டும். உங்களுக்கு எல்லாம் நினைவிருக்கும், ஆனால் நாளைக்குப் பெட்டியைத் திறக்கும் பிள்ளைகளுக்கு 1869க்கும் 1889க்கும் வித்தியாசம் தெரியாது. சீட்டு இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து பழைய பித்தளைக்காரரின் தராசில்தான் ஏறும்.